உடைமையும் உவகையும்: மலையகத் தோட்டங்களிற் கிறித்தவ விசுவாசம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

மெய்யான மகிழ்ச்சி உலகப் பொருள்களில் இல்லை, இறைவிசுவாசத்திலேயே உண்டு என்பது கிறித்தவ போதனையின் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்று. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் இக்கருத்து ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாகக் கூறப்பட்டு வருகின்றது. ஹற்றன், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேவாலயங்களிலும், லயத்து வாசலில் நடைபெறும் ஜெபக்கூட்டங்களிலும் இதனை இன்றுங் கேட்கலாம். கேட்போருட் பெரும்பாலோர் நாட்கூலிக்கு உழைப்போர். தாம் வாழும் காம்பிராவோ அது நிற்கும் நிலமோ தமக்குச் சொந்தமாக இல்லாதவர்கள். பொருளைத் துறக்குமாறு கூறும் ஒரு போதனை, துறப்பதற்குப் பொருளேதும் இல்லாத மக்களிடையே எவ்வாறு வேரூன்றியது, அது அவர்களுக்கு யாது செய்தது என்பதே ஈண்டு நாம் ஆராய முற்படும் விடயமாகும்.

மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோர் இந்துக்கள். கிறித்தவர் சிறு தொகையினரே. எனினும் ஒரு கருத்து எத்தனை பேரால் ஏற்கப்பட்டது என்பதனை மட்டும் வைத்து அதன் சமூக முக்கியத்துவத்தை மதிப்பிட முடியாது. உடைமைக்கும் உவகைக்கும் இடையேயுள்ள உறவு பற்றிய வினா தோட்ட வாழ்வின் மையத்தில் நிற்பது. அவ்வினாவுக்குக் கிறித்தவம் அளித்த விடைகள் ஒன்றல்ல, பல. அவற்றுட் சில ஒன்றோடொன்று முரண்படுவன.

முதலிற் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். ஆங்கிலத்தில் 'மெற்றீரியலிசம்' என வழங்கும் ஒரே சொல் இரு வேறு கருத்துக்களைச் சுட்டும். ஒன்று, பொருளே முதன்மையானது, சிந்தனை அதன் வழிப்பட்டது எனக் கொள்ளும் மெய்யியல் நிலைப்பாடு. தமிழில் இதனைப் பொருள்முதல்வாதம் என்கின்றோம். மற்றையது, பொருள் சேர்ப்பதே வாழ்வின் பயன் எனக் கருதும் மனப்பாங்கு. இதற்குப் பொருளாசை என்பதே தகுந்த சொல். பிரசங்க மேடைகளில் இவ்விரண்டும் 'உலோகாயதம்' என்னும் ஒரே பெயரால் கண்டிக்கப்படுவதுண்டு. இதன் விளைவாக, கூலி உயர்வு கேட்கும் தொழிலாளியும், தொழிற்சங்கத்திற் சேரும் இளைஞனும், பங்கு இலாபத்தைப் பெருக்கும் கம்பனியும் ஒரே குற்றத்தைச் செய்தவர்களாகிவிடுகின்றனர். பசிக்கு உணவு தேடுவதையும் செல்வத்தின்மேற் செல்வம் குவிப்பதையும் ஒரே சொல்லுக்குள் அடக்குவது, அறிந்தோ அறியாமலோ, ஒரு வர்க்கத்தின் நலனுக்குத் துணைபோவதாகும்.

2

மலைநாட்டிற் கிறித்தவம் இரு வழிகளால் நுழைந்தது. ஒன்று துரைமாரின் வழி. மற்றையது உபதேசியாரின் வழி.

முதலாவது வழியின் சின்னங்கள் இன்றும் மலைச்சரிவுகளில் நிற்கின்றன. டிக்கோயாவில் 1878ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட வோர்லி கிறிஸ்து ஆலயம் தோட்டத்துரைமார் தமக்கெனக் கட்டிக்கொண்ட அங்கிலிக்கன் கோயில்களுட் குறிப்பிடத்தக்கது. பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்து மயானத்திலே சார்ள்ஸ் ஹே கமரனும், புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரான அவர் மனைவி ஜூலியா மார்கரெட் கமரனும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இந்தக் கமரனே, இராசகாரிய முறையை ஒழித்து 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வித்திட்ட கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவைச் சேர்ந்தவர். நிலமும் உழைப்பும் சந்தைக்குரிய பண்டங்களாவதற்கு இச்சீர்திருத்தங்கள் வழிவகுத்தன. அதனை வகுத்தவருள் ஒருவரே பின்னர்க் கோப்பித் தோட்டங்களுக்கு உடைமையாளராகி, அம்மண்ணிலேயே துயில்கொள்கின்றார். மறுபுறம், தலைமன்னாரிலும் அதனை அடுத்த கரைகளிலும் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து, இடைவழியிற் காய்ச்சலாலும் பேதியாலும் மடிந்த தமிழ்த் தொழிலாளருக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை. உலகப் பொருள் நிலையற்றது என்னும் போதனையைப் பொருள் உடையோர் கேட்டதும் இல்லாதோர் கேட்டதும் இத்துணை வேறுபட்ட நிலைகளிலிருந்தே என்பது மனங்கொளத்தக்கது.

இரண்டாவது வழி 1854ஆம் ஆண்டு தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்'. சேர்ச் மிஷன் சங்கத்தின் கீழ் இயங்கிய இவ்வமைப்புக்குத் தோட்டத்துரைமாரே பெருமளவு பொருளுதவி புரிந்தனர். 'கூலி' என்னுஞ் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஒரு திருப்பணி இது. அப்பெயரே அதன் வர்க்க உறவை வெளிப்படுத்திவிடுகின்றது. உழைப்பாளர் குடியையும் களவையும் கைவிட்டு, அதிகாலையிற் பிரட்டுக்களத்திற்கு ஒழுங்காக வந்து நிற்பது துரைமார்க்குப் பயன் தரும் ஒழுக்கமாயிற்று. ஆனால் தோட்டம்தோறும் நடந்து சென்று போதித்தவர் துரைமார் அல்லர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார். அவர்கள் தம்முடன் அச்சிட்ட வேதநூலையும், ஞானப்பாட்டையும், எழுத்தறிவையும் கொண்டுவந்தனர். இவ்வழியிலேயே தோட்டச் சிறுவர் சிலர் முதன்முதலாக எழுத்தைக் கண்டனர். ஹற்றனில் மெதடிஸ்த திருச்சபையார் தொடங்கிய ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற நிலையங்கள் பின்னாளில் மலையகத்தின் கற்றோர் குழாம் உருவாவதற்குக் களமாயின.

இதிலே ஓர் இயங்கியல் உண்டு. துரைமாரின் பேரேட்டில் தொழிலாளி ஒரு 'பேர்' மட்டுமே. அன்றைய வேலை முடிந்தால் ஒரு பேர். குறித்த இறாத்தல் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். திருச்சபையின் ஞானஸ்நான ஏட்டிலோ அவர் தாய் தந்தையரின் பெயரோடு, பிறந்த நாளோடு, ஓர் ஆளாக எழுதப்பட்டார். பணிவைக் கற்பிக்க வந்த நிறுவனம், பணிவுக்கு எதிரான ஓர் உணர்வை, தாம் மனிதர் என்னும் உணர்வை, தான் விரும்பாமலே விதைத்தது.

3

போதனையின் பொருளை அறியச் சரித்திரம் மட்டும் போதாது. பிரதிகளையும் நோக்குதல் வேண்டும். வேதநூல் ஒரே குரலிற் பேசும் நூலன்று. மத்தேயு சுவிசேஷத்தின் மலைப்பிரசங்கம் ஆவியில் எளியோரைப் பேறுபெற்றோர் என்கின்றது; லூக்கா சுவிசேஷமோ அடைமொழி எதுவுமின்றி ஏழைகளையே பேறுபெற்றோர் என்று கூறி, அடுத்துச் செல்வந்தருக்குக் கேடு அறிவிக்கின்றது. முன்னைய வாசகத்தைக் கொண்டு செல்வந்தனும் தன்னை எளியோனாகக் கருதிக்கொள்ளலாம். பின்னையது அதற்கு இடந்தராது. மேடைகளில் மத்தேயுவின் வாசகமே மிகுதியும் எடுத்தாளப்படுவது தற்செயல் நிகழ்ச்சி அன்று. அறுவடை செய்த வேலையாட்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வந்தரை நோக்கி, அக்கூலியே கூக்குரலிடுகின்றது எனச் சாடும் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் துரைமார் பொருளுதவியால் நடந்த கூட்டங்களில் எத்துணை முறை விரித்துரைக்கப்பட்டிருக்கும் என எண்ணிப் பார்த்தல் தகும்.

திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் பற்றிய உவமை மலையகத்துக்கெனவே கூறப்பட்டது போன்றது. காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் உடைமையாளன் ஒரே நாட்கூலி கொடுக்கின்றான். அரைப் பேருக்கு அஞ்சி மழையிலும் மலையேறும் ஒரு பெண்ணுக்கு இவ்வுவமை வெறும் ஆன்மிகச் செய்தி அன்று. தேவைக்கேற்ற கூலி என்னும் கனவை அது அவள் முன் விரிக்கின்றது. ஆயினும் உவமையின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அங்கே கூலியை நிர்ணயிப்பது உடைமையாளனின் தயவே. தொழிலாளரின் உரிமை அன்று. முணுமுணுத்தவர்கள் கண்டிக்கப்படுகின்றனர். ஒரே கதை தொழிலாளிக்கு நம்பிக்கையாகவும், துரைக்குத் தன் அதிகாரத்தின் நியாயமாகவும் அமையக்கூடியது.

யாத்திரிகன் என்னும் படிமமும் இத்தகையதே. பனியனின் ஆங்கில நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் உபதேசிமார் புறப்பட்ட அதே திருநெல்வேலிச் சூழலின் ஆக்கம். இவ்வுலகம் அந்நிய நாடு, விசுவாசி வழிப்போக்கன் என்பது அம்மரபின் அடிநாதம். ஏனைய இடங்களில் இஃது ஓர் உருவகம். மலையகத்திலோ இது சட்டத்தின் வாசகமாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுட் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேரை இலங்கையர் ஆக்கவும் வகைசெய்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பங்கிட விட்டுவைத்தது. தம்மைக் கேளாமலே எண்ணிப் பிரிக்கப்பட்ட இம்மக்கள், தமக்கு வேறோரிடத்திற் குடியுரிமை உண்டு என்னும் வாசகத்தைத் தேவாலயத்திற் கேட்டபோது அதனை எவ்வாறு உணர்ந்திருப்பர்? அது ஆறுதல், அதே வேளையில் இவ்வுலகின் அரசுகள் மீதான ஒரு தீர்ப்புமாகும்.

4

கார்ல் மார்க்ஸ் மதத்தை அபினுக்கு ஒப்பிட்டார் என்பது பலரும் அறிந்தது. ஹெகலின் உரிமை மெய்யியல் பற்றி அவர் எழுதி 1844இல் வெளியான முன்னுரையின் அதே பகுதியில், மதத் துன்பம் உண்மைத் துன்பத்தின் வெளிப்பாடு மட்டுமன்றி அதற்கு எதிரான கண்டனமுமாகும் என்னுங் கருத்தையும் அவர் கூறியுள்ளமை போதிய கவனம் பெறவில்லை. நமது இடதுசாரி இயக்கத்தினர் முதற்பாதியைக் கற்று மறுபாதியைக் கைவிட்டனர். அதனால் தோட்டத்தில் விசுவாசம் அளித்த மகிழ்ச்சியை வெறும் மயக்கம் எனத் தள்ளிவிட்டனர்.

அம்மகிழ்ச்சியின் சமூக அடிப்படை யாது? தோட்ட வாழ்வை அறிந்தோர் பின்வருவனவற்றைக் காணத் தவறார். லயத்து ஜெபக்கூட்டத்திற் சேர்ந்த ஆண்கள் பலர் சாராயத்தையும் கசிப்பையும் விட்டுவிடுகின்றனர். மதுவிலே கரைந்த கூலி வீட்டுக்கு வருகின்றது. மனைவி அடிபடுவது நிற்கின்றது. பிள்ளைக்குக் கொப்பி வாங்க முடிகின்றது. கணவனை இழந்த பெண், மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்கப்பட்ட நிலை நீங்கி, கூட்டத்தின் முன் நின்று சாட்சி கூறுகின்றாள். சாதியின் பெயரால் கோயிலின் வாசலில் நிறுத்தப்பட்டவர் ஒரே பாயில் அமர்கின்றார். நோயுற்றோரைப் பார்க்கவும் இறந்தோரைச் சுமக்கவும் ஆட்கள் வருகின்றனர். பகல் முழுவதும் கங்காணியின் ஏச்சைக் கேட்டவர்கள் மாலையில் தம் சொந்தக் குரலிற் பாடுகின்றனர். இம்மகிழ்ச்சி கூடிவாழ்தலினின்றும், மதிக்கப்படுதலினின்றும் பிறப்பது. கூலிப் போராட்டத்தை மட்டுமே அறிந்த சங்கம் இவற்றிற் பலவற்றைப் பற்றிச் சிந்திக்கவேயில்லை. வீட்டுக்குள் நிகழும் வன்முறை சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெற்றது மிக அரிது.

இத்தகைய கூட்டு உவகை கிறித்தவருக்கு மட்டும் உரியதுமன்று. மாசியிலும் பங்குனியிலும் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்து, மாரியம்மன் திருவிழா, தீமிதி ஆகியவற்றிலும் தொழிலாளர் தம்மைத் தாமே ஒரு சமூகமாகக் கண்டுகொள்கின்றனர். சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள், துன்பத்தினிடையே நகைப்பையும் எள்ளலையும் இழக்காத ஒரு மக்கட் கூட்டத்தைக் காட்டுகின்றன. உவகை என்பது உடைமைக்குப் பின்னரே வரும் என்னும் கருத்து மக்களின் அனுபவத்தாலேயே பொய்ப்பிக்கப்படுகின்றது.

ஆனால் ஜெபக்கூட்டத்தின் எல்லையும் தெளிவானது. குடியை விட்ட தொழிலாளி மீண்ட கூலியைக் கொண்டு கடனை அடைக்கின்றார். கடன் ஏன் வந்தது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. அண்மைக்காலக் கூட்டங்கள் சிலவற்றில் விசுவாசத்தின் பலனாகச் செல்வமும் சொத்துமே வாக்களிக்கப்படுகின்றன. இவ்விடத்திற் போதனை தன் தலைகீழான நிலைக்கு வந்துவிடுகின்றது: பொருளாசையைக் கண்டிக்கத் தொடங்கியது, பொருளாசைக்கே ஆசீர்வாதம் கூறி முடிகின்றது. பெறாதவர் தம் விசுவாசக் குறைவையே நொந்துகொள்ள வேண்டியவராகின்றார். சுரண்டலின் விளைவு தனிமனிதனின் ஆன்மக் குறைபாடாக உருமாற்றப்படுகின்றது.

5

விசுவாசத்தின் உவகையையும் நீதிக்கான போராட்டத்தையும் ஒன்றாகக் காண முயன்ற ஒரு மரபும் மலையகத்தில் உருவாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962-1965) பின்னர் இலத்தீன் அமெரிக்காவிற் கிளர்ந்த விடுதலை இறையியல் இதற்கு உலகப் பின்புலம். உள்நாட்டுப் பின்புலமோ இன்னும் கொடியது. 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தின்போது தோட்டங்களில் மரணவீதம் கூர்மையாக உயர்ந்தது. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது தொழிலாளருக்கு அந்நிலத்திற் பங்கு கிடைக்கவில்லை, பலர் வெளியேற்றப்பட்டனர். 1977ஆம் ஆண்டு மே மாதம், தோட்டக் காணியைப் பறிப்பதற்கு எதிரான போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் இனவன்செயல்கள் தோட்டங்களையும் தாக்கின.

இச்சூழலிலே யேசுசபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இற் கண்டியிற் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் அங்கே ஒன்றாகப் பணிபுரிந்தனர். தோட்டப்பகுதிகளில் இயங்கிய குழுக்களை ஒன்றிணைக்கும் செயலகமொன்று 1974இல் உருவாவதற்கும் அது தூண்டுதலாயிற்று. 2017இல் மறையும் வரை கஸ்பர்ஸ் அடிகளார் மலையகத் தொழிலாளரின் குடியுரிமைக்கும் கூலிக்கும் குரல்கொடுத்தார். கண்டி ஆயராகவும், 1972 முதல் பதுளையின் முதல் ஆயராகவும் விளங்கிய லியோ நாணயக்கார, ஆயருக்குரிய ஆடம்பரத்தை விலக்கி மக்களிடையே வாழும் திருச்சபையைக் கட்டியெழுப்ப முயன்றார். அம்மறைமாவட்டத்துப் புத்தலைப் பகுதியிற் சிங்களப் பௌத்த விவசாயிகளிடையே குடிசையில் வாழ்ந்து பணிபுரிந்த மைக்கல் றொட்றிகோ அடிகளார் 1987 நவம்பர் 10ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். எளிமையைத் தெரிந்துகொள்வது எத்துணை விலை கொடுக்க வேண்டியதாகலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

இம்மரபின் கோட்பாட்டு வடிவத்தை அலோசியஸ் பீரிஸ் அடிகளாரின் எழுத்துக்களிற் காண்கின்றோம். 1988இல் வெளிவந்த அவரது ஆசிய விடுதலை இறையியல் பற்றிய நூல், திணிக்கப்பட்ட வறுமையையும் விரும்பி ஏற்ற வறுமையையும் வேறுபடுத்துகின்றது. முன்னையது அநீதி, அதனை ஒழித்தல் கடமை. பின்னையது பணத்தின் ஆட்சியினின்று விடுபடும் உளச்சுதந்திரம். பௌத்தத் துறவுக்கும் கிறித்தவத் துறவுக்கும் பொதுவானது. ஒன்று மற்றதற்குத் துணையாக வேண்டும்: விரும்பி எளிமையை ஏற்போர், திணிக்கப்பட்ட வறுமையை எதிர்ப்போருடன் நிற்கவேண்டும். நாம் எடுத்துக்கொண்ட பிரச்சினைக்கு இவ்வேறுபாடு திறவுகோலாக அமைகின்றது. பொருளைத் துறப்பதில் உவகை உண்டு என்பது, பொருளைப் பெற்றிருந்தவனோ பெறக்கூடியவனோ தானே தெரிந்துகொள்ளும்போது மெய்யாகலாம். தெரிவு செய்யும் உரிமையே மறுக்கப்பட்டவளிடம் அதே வாக்கியத்தைக் கூறுவது போதனை ஆகாது. அது பறிமுதலை நிரந்தரமாக்கும் செயலாகும்.

6

மார்க்சியத்துக்கும் இவ்வினா அந்நியமானதன்று. 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளிலே மார்க்ஸ், தனியுடைமை மனிதனின் புலன்களையெல்லாம் 'உடைத்திருத்தல்' என்னும் ஒரே உணர்வுக்குள் ஒடுக்கிவிட்டது என்று விளக்கினார். ஒரு பொருள் நம் கையிலிருந்தாலன்றி அது நமதன்று என எண்ணும் அளவுக்கு மனிதன் வறியனாகிவிட்டான் என்பது அவர் கண்டனம். எனவே, உடைமையில் உவகை இல்லை என்பதில் வரலாற்றுப் பொருள்முதல்வாதிக்கும் மெய்யான விசுவாசிக்கும் முரண்பாடு இல்லை. அவ்வுவகை எங்குள்ளது, அதற்குத் தடையாக நிற்பது யாது என்பதிலேயே இருவரும் வேறுபடுகின்றனர். மறுமையை நாம் ஏற்பதில்லை. ஆயின் கண்டனமாகவும் கூட்டுவாழ்வாகவும் வெளிப்படும் விசுவாசத்தைப் போராட்டத்தின் எதிரியாகக் காண்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்று இதனை வலியுறுத்துகின்றது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி, 2023 ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் தொடங்கி ஆகஸ்ட் 12ஆந் திகதி முடிவுற்றது. இலங்கைத் தேசியக் கிறித்தவ மன்றம் குடிமக்கள் அமைப்புக்களோடு இணைந்து இதனை ஒழுங்குசெய்தது. முன்னோர் மடிந்த வழியிலேயே பல்வேறு மதத்தினரும் நடந்தனர். காணி, வீடு, நியாயமான கூலி, சமத்துவமான குடியுரிமை ஆகியவற்றைக் கோரினர். இரட்சணிய யாத்திரிகனின் வழி மேலுலகை நோக்கியது. இந்நடைபயணம் மண்ணை நோக்கியது. கல்லறையற்றோரை நினைவுகூர்ந்தபடி, இருப்போருக்கு நிலம் கேட்ட யாத்திரை அது.

நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்குப் பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. இடையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி உணவுப் பொருள்களின் விலையைப் பன்மடங்காக்கியிருந்தது. இந்நிலையிற் கூலி கேட்பவளைப் பொருளாசை உடையவள் எனல் எவ்வகையிலும் பொருந்தாது. அவள் கேட்பது உடைமையை அன்று. பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கப் போதிய நேரத்தையும், கடன்காரன் வராத மாலையையும், தன் பெயரில் எழுதப்பட்ட ஒரு துண்டு நிலத்தையும். அவை கிடைத்தபின் அவள் தேவாலயம் செல்லலாம். மாரியம்மன் கோயிலுக்கும் செல்லலாம். எங்கும் செல்லாமலும் இருக்கலாம்.

மலையகத்திற் கிறித்தவ விசுவாசம் பற்றிய மதிப்பீடு இவ்வகையிலேயே அமைதல் வேண்டும். மெய்யான மகிழ்ச்சி பொருளில் இல்லை என்னும் வாக்கியம், துரையின் ஆலயத்தினின்று லயத்தை நோக்கி வருமிடத்து அடிமைத்தனத்தின் துணையாகின்றது. லயத்தினின்று கம்பனியின் கணக்கேட்டை நோக்கிச் செல்லுமிடத்து அதே வாக்கியம் குற்றச்சாட்டாகின்றது. அதன் திசையை நிர்ணயிப்பது வேதநூலன்று. அதனை எவர் கையிலெடுக்கின்றனர் என்பதே. அவ்வாக்கியத்தை உழைப்பாளரிடமே ஒப்படைத்தல் இறைவிசுவாசிகளுக்கும் முற்போக்காளருக்கும் பொதுவான பணியாகும்.